பெட்டியைப் பூட்டத் தெரியுமா நமக்கு?

எங்க அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்.

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. எந்த நாட்டுப் பெட்டியும் நம்ம டிரெய்லரில் உட்காருதே, எப்படி? மூலைத் துளைகள் எல்லாம் ஒரே அளவு. ட்விஸ்ட் லாக்கைத் திருப்பினால் முடிந்தது!

ஜாவாவிலும் அதே கதைதான். அப்ளிகேஷன் சர்வருக்குள் இருப்பதற்கும் 'கன்டெய்னர்' என்றே பெயர். 2004-ல் 1.0 பதிப்பாக வந்த ஸ்பிரிங்கை அதில் ஏற்றினால், டேட்டாபேஸ் இணைப்பை சர்வரிடம் ஜேஎன்டிஐ பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். நானோ, சர்வரில் ஏற்கெனவே இருந்த ஜார் ஃபைலை என் வார் ஃபைலுக்குள்ளும் திணித்தேன். ஒரே பெயரில் இரண்டு கிளாஸ். 'கிளாஸ் காஸ்ட்' பிழை! மூணு ராத்திரி தூக்கம் போச்சு.

லேபில் தனித்தனி புரோகிராம் எழுதி மார்க் வாங்குகிறோம், பொருத்தக் கற்பதில்லை. வெளியே வேலையோ பொருத்துவதில்தான் இருக்கிறது. மூன்றாமாண்டு லேபில் ஒரு அப்ளிகேஷன் சர்வராவது வேண்டுமென்று நம் யூனியன் கேட்கட்டும். காசு ஒரு சாக்கல்ல, வைல்ட்ஃபிளை இலவசம்தான்.

"லாக் போடாத பெட்டி வளைவுல கவிழ்ந்துடும்டா" என்பார் அப்பா. நாம் கவிழலாமா? சிந்திப்போம்!

– மூன்றாமாண்டு கம்ப்யூட்டர் மாணவன், திருவொற்றியூர்