பெயரை விற்கும்போது வரைபடத்தையும் கேளுங்கள்

மாண்புமிகு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் மலைச்சாலையில் இன்னும் சில டீசல் அம்பாசிடர்கள் ஓடுகின்றன. முக்கி முனகியாவது ஏறிவிடும், இறங்குவதுதான் பாடு. 2,100 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது. இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி வரவேண்டும்.

அந்தப் பிடியைக் காப்பது ஒரு பித்தளை வளையம். சின்க்ரோ ரிங் என்பார்கள், உள்ளங்கையில் அடங்கும். உட்புறம் நூலிழைபோல் வரிகள் ஓடும். வரி தேய்ந்தால் கியர் விழும்போது கரகரவென்று அரைக்கும். அரைத்து அரைத்துப் பல்முனை மழுங்கும். பிறகு ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அதன்பின் டிரம் பிரேக்தான் கதி. சூடேறினால் அதுவும் பிடிக்காது.

"சாமான் வர்றதில்லண்ணே, புதுப்பேட்டையில கேட்டுப் பாருங்க" என்பார் மெக்கானிக். அங்கே கிடைப்பது உடைத்த வண்டியில் கழற்றிய ரிங். அதுவும் பாதி தேய்ந்தது. லேத்தில் கடைந்து தர ஆள் உண்டு. அளவுக்கு எங்கே போவது? தேய்ந்த ரிங்கில் அளவெடுத்தால் தேய்ந்த அளவுதான் வரும்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய் கொடுத்து பிரான்சின் பியூஜோ குழுமம் வாங்கியது. பெயர் போனது சரி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் பொறுப்பு யாரிடம் போனது?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது இருக்கும் சாமானைப் பற்றியது. செய்வதையே நிறுத்திவிட்ட சாமானுக்கு அதில் வழியில்லை. உங்கள் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்குக் குழு அமைத்தபோது வாகனங்களையும் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. இணையதளம் தகவல் தரும், ரிங் தருமா?

பழைய வண்டியை எடைக்குப் போடு என்பார்கள். 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது அரசுதான். தகுதி பார்த்து, காசும் வாங்கிக்கொண்டு ஓட்டச் சொன்ன பிறகு, ஓடுவதற்கான சாமானைப் பற்றிக் கேட்பது பேராசை ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் வாஷிங் மெஷினுக்கே 10 ஆண்டு உதிரி பாகம் கிடைக்கச் செய்தாக வேண்டும். அது எந்த மலையிலிருந்தும் இறங்குவதில்லை.

ஒரு மாடலை நிறுத்தும் நிறுவனம் இத்தனை ஆண்டு சாமான் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். கெடு முடிந்ததும் அளவு, உலோகக் கலவை விவரத்தோடு வரைபடம் அரசிடம் வரட்டும். கட்டணம் கட்டும் கோயம்புத்தூர் பட்டறைகளுக்கு அதைக் கொடுங்கள். பெயரை விற்றால் இந்தக் கடமையும் கூடவே போகட்டும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக முடியாதென்றால் கியர் பாக்ஸ், பிரேக் இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
பெருமாள்மலையிலிருந்து ஒரு கார் உரிமையாளர்