வலிமை கயிற்றில் மட்டுமா?

படகின் பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துபவை, அதன் மேற்பகுதியிலிருந்து படகின் ஓரங்களுக்கு இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி வடங்களே. இன்று மேலைநாட்டுப் படகோட்டிகள் சிலர் அவற்றை நீக்கி, டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிற்றைப் பூட்டுகின்றனர். எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலிமை, அடர்த்தி 0.97 என்பதால் நீரில் மிதக்கும், துருவும் பிடிக்காது. விஞ்ஞானத்தின் வெற்றியே!

ஆயினும், கம்பிக்கென்று செய்த பழைய இணைப்புகளிலேயே கயிற்றையும் மாட்டிவிடலாம் என்போரின் கருத்து எனக்கு உடன்பாடன்று. ஆய்வுக்கூடத்தில் அளப்பது, நேராக இழுக்கப்படும் கயிற்றின் வலிமை. மெல்லிய ஆணிமேல் குறுகி வளைந்தால் அவ்வலிமை குறையும். முடிச்சிட்டாலோ பாதியோ, அதற்கும் மேலோ போய்விடும். கம்பி உராய்ந்து கீறிய உலோக விளிம்பு, இழைகளை அரம்போல் அறுக்கும். ஓயாத இழுவிசையில் கயிறு மெல்ல மெல்ல நீள்வதும் உண்டு.

ஆகவே வளைவுக்கு வழவழப்பான அகன்ற வளையம் வேண்டும். முடிச்சுக்குப் பதில், கயிற்றின் நுனியை அதன் உள்ளேயே நெடுகச் செருகிய பிணைப்பு வேண்டும். நீட்சியைக் குறைக்கத் தடித்த கயிறு வேண்டும். இவையின்றி நடுக்கடலில் பாய்மரம் சாய்ந்து உயிர் போனால், குற்றம் கயிற்றினுடையதா? நண்பர்களே, புதிய பொருளை ஏற்போர் அதற்கேற்ற இணைப்பையும் ஏற்கவேண்டும். அதுவே அறிவியல் நோக்கு!