அடுத்தது என்ன? படிக்கக் கற்றுத் தரும் மர்மக் கதை

எழுத்துக் கற்றவர் எல்லோரும் படிப்பாளி ஆகிவிடுவதில்லை.

அ, ஆ தெரிகிறது. பெயர் எழுத வருகிறது. பஸ்சில் உள்ள ஊர்ப் பெயரைப் படிக்க முடிகிறது. ஆனால் ஒரு பக்கத்தை முழுதாகப் படி என்றால், நாலு வரிக்குள் கொட்டாவி வந்துவிடுகிறது. புத்தகம் பரணுக்குப் போகிறது. சில ஆண்டுகளில், கற்ற எழுத்தும் மறந்து போகிறது. கையெழுத்துப் போடக் கற்றவர் மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்புகிறார்.

இந்தத் தொல்லை எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமானது அல்ல. எழுத்துக் கற்பித்த எல்லா நாடுகளும் இதைக் கண்டிருக்கின்றன.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. "அடுத்தது என்ன?" என்ற கேள்விதான் அந்த மருந்து. அந்தக் கேள்வி மனதில் விழுந்துவிட்டால், தூக்கம் பறந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பக்கத்தைப் புரட்டுவார். ஸ்பானிய மொழி கற்பிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் புதிதாகப் படிக்கத் தொடங்குபவரின் கையில் அவர்கள் எளிய மர்மக் கதை ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

மண்டையோட்டில் ஆணி!

அப்படிக் கொடுக்கப்படும் கதைகளில் ஒன்றின் பெயர் "ஆணி".

எழுதியவர் பெத்ரோ அந்தோனியோ தெ அலார்கோன். ஸ்பெயின் நாட்டில், கிரனாடாப் பகுதியைச் சேர்ந்த குவாதிக்ஸ் என்ற ஊரில் 1833இல் பிறந்தவர். இந்தக் கதை 1853இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான். ஸ்பானிய மொழியின் முதல் துப்பறியும் கதைகளில் ஒன்றாக இதைச் சொல்வது வழக்கம்.

கதை இதுதான்:

இரவு நேரம். குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி ஒன்று புறப்படுகிறது. அதில் ஒருவர் ஏறுகிறார். உள்ளே ஓர் அழகிய பெண் தனியாக இருக்கிறாள். பேசுகிறாள், ஆனால் தான் யார் என்று சொல்ல மறுக்கிறாள். முகத்தில் ஏதோ ஒரு துயரம்.

பயணம் செய்தவருக்கு ஒரு நண்பர். அவர் நீதிபதி. இருவரும் ஒரு நாள் இடுகாட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மண்டையோடு கிடக்கிறது. அதில் ஓர் இரும்பு ஆணி இறங்கியிருக்கிறது!

செத்தவர் யார்? விசாரித்ததில் பெயர் தெரிகிறது. அது இயற்கையாக வந்த சாவு என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் ஆணி வேறு கதை சொல்கிறது.

ஆணியை அடித்தது யார்? வண்டியில் வந்த பெண் யார்? நீதிபதியின் மனதிலும் ஒரு பழைய காதல் துயரம் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

விடையை இங்கே சொல்லாமல் விடுவதே முறை. சொல்லிவிட்டால் கதையின் உயிர் போய்விடும். இந்தக் கதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியரும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஓசை வரும்; பொருள் வருமா?

ஸ்பானிய மொழியில் 27 எழுத்துகள். உயிர் ஓசைகள் ஐந்து. எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே வாசிக்கலாம். ஒலிக்காத எழுத்து ஒன்று உண்டு. ஒரே ஓசை தரும் இரண்டு எழுத்துகளும் உண்டு. இப்படிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும், சில வாரங்களில் எந்தப் பக்கத்தையும் சத்தம் போட்டுப் படித்துவிடலாம்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வாய் படிக்கும், மனம் படிக்காது. மாணவன் கடகடவென்று படித்து முடிப்பான். "என்ன படித்தாய்?" என்று கேட்டால் விழிப்பான்.

மர்மக் கதை இந்தக் குறையைப் போக்குகிறது. அதில் பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் படித்துக்கொண்டு போக முடியாது. ஒரு வரியை விட்டால், குற்றவாளியையே விட்டுவிட நேரும். ஆகையால் வாசிப்பவர் தாமாகவே நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், யோசிக்கிறார். யாரும் பிரம்பைக் காட்ட வேண்டியதில்லை.

ஓர் எழுத்தில் உள்ள வேறுபாடு

ஆணிக்கு ஸ்பானிய மொழியில் "கிளாவோ" என்று பெயர். புதிரை விடுவிக்கும் திறவுகோலுக்கு "கிளாவே" என்று பெயர். கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. தமிழில் "கல்" என்பதற்கும் "கால்" என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. அவசரமாகப் படிப்பவர் ஆணியைத் திறவுகோல் ஆக்கிவிடுவார். துப்பைத் தேடிப் படிப்பவரோ அந்த ஓர் எழுத்தையும் உற்றுப் பார்ப்பார்.

அது மட்டும் அல்ல. ஆணி, மண்டையோடு, நீதிபதி, பெண், பயணம் ஆகிய சொற்கள் இந்தக் கதையில் மறுபடியும் மறுபடியும் வருகின்றன. பத்துத் தடவை எழுதிப் பார்த்தும் பதியாத சொல், பத்துத் தடவை கதையில் சந்தித்தால் தானாகப் பதிந்துவிடும். மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

முன்னால் நிற்கும் கேள்விக்குறி

ஸ்பானிய எழுத்தில் இன்னொரு புதுமை உண்டு. கேள்விக்குறியை வாக்கியத்தின் முடிவில் மட்டும் போடுவதில்லை. தொடக்கத்திலும், தலைகீழாக ஒன்று போடுகிறார்கள். ஸ்பானிய மொழிக் கழகம் 1754இல் இதை விதியாக வகுத்தது.

காரணம் என்ன? தமிழில் "வந்தான்" என்பது செய்தி. "வந்தானா" என்பது கேள்வி. சொல்லே காட்டிக் கொடுத்துவிடும். ஸ்பானிய மொழியில் இரண்டையும் அதே சொற்களால் எழுதலாம். குரல்தான் மாறும். நீண்ட வாக்கியத்தின் கடைசியில்தான் கேள்விக்குறி என்றால், அதுவரை எந்தக் குரலில் படிப்பது? ஆகவே முதலிலேயே அறிவித்து விடுகிறார்கள்.

விசாரணை நடக்கும் கதையில் பக்கத்துக்குப் பக்கம் கேள்விகள். தலைகீழ்க் குறியைக் கண்டவுடனே புது வாசகரின் குரல் மாறுகிறது. எழுத்து பேசத் தொடங்குகிறது!

காதால் வந்த ஆசை

"ஆணி" எழுதப்பட்ட காலத்தில் ஸ்பெயினின் நிலை என்ன? 1860ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, நால்வரில் ஏறக்குறைய மூவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அச்சடித்த கதை அவர்களுக்கு வெறும் கறுப்புக் கோடுதான்.

அந்தக் காலத்தில் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவில் ஓர் அதிசயம் நடந்தது. ஹவானா நகரில் "எல் ஃபிகரோ" என்ற சுருட்டுத் தொழிற்சாலை. 1865இல் அங்கே தொழிலாளர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். எல்லோரும் சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு, உரக்கப் படிப்பார். அவர் இழந்த கூலியை மற்றவர்கள் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

கை வேலை செய்தது. காது கதை கேட்டது. எழுத்துத் தெரியாதவர்களும் கேட்டார்கள். மற்ற தொழிற்சாலைகளுக்கும் வழக்கம் பரவியது. அதிகாரிகள் பயந்துபோனார்கள். அடுத்த ஆண்டே, 1866இல், தடை போட்டார்கள். உழைப்பாளி கதை கேட்டால், நாளைக்குக் கேள்வியும் கேட்பான் அல்லவா? ஆனால் வழக்கம் அழியவில்லை. பிறகு மறுபடியும் தழைத்தது. "மான்டி கிறிஸ்டோ" என்ற புகழ்பெற்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே, தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட கதையால்தான் என்று சொல்வார்கள். சிறை, தப்பித்தல், புதையல், பழிவாங்குதல் எல்லாம் நிறைந்த பிரெஞ்சுக் கதை அது.

எழுதிய கடிதம், படித்த புத்தகம்

அதே கியூபாவில், 1961ஆம் ஆண்டு எழுத்தறிவுக்கு என்றே ஒதுக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கையில் விளக்கும் பாடப் புத்தகமுமாகக் கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் வயலில் உழைத்தார்கள். இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரதமருக்குக் கடிதம் எழுதுவதுதான் கடைசிப் பரீட்சை. அரசாங்கக் கணக்குப்படி, அந்த ஓர் ஆண்டில் ஏழு லட்சம் பேருக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

கடிதம் எழுதியாகிவிட்டது. இனி?

அங்கேயும் அதே கேள்வி எழுந்தது. எழுத்தறிவு இயக்கத்தோடு நின்றுவிடாமல், தொடர் வகுப்புகளை நடத்தினார்கள். புத்தகங்களை மலிவு விலையில் அச்சிட்டார்கள். 1971இல் இக்னாசியோ கார்தெனாஸ் அகுன்யா என்பவர் எழுதிய துப்பறியும் நாவல் ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் "ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதிர்". கியூபாவில் பல மர்ம நாவல்களுக்கு அது வழி திறந்துவிட்டது.

பாடப் புத்தகம் எழுத்தைக் கொடுக்கும். அந்த எழுத்தைக் காப்பாற்றுவதற்கு ஆசை வேண்டும். ஆசையை உண்டாக்குவது கதை.

எப்படிப் படிக்க வைப்பது?

வழி எளிது. வீட்டிலும் செய்யலாம்.

முதலில், கதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். முடிச்சு விழும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். இடுகாட்டில் ஆணி தெரிந்தவுடன் நிறுத்தினால், மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து உட்காருவார்கள்.

இரண்டாவதாக, முதல் பகுதியைப் பெரியவர் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த பகுதியைக் கற்பவர் படிக்க வேண்டும்.

மூன்றாவதாக, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நிற்கக்கூடாது. முன்னும் பின்னும் பார்த்துப் பொருளை ஊகிக்கட்டும். கதை நகர முடியாத இடத்தில் மட்டும் விளக்கினால் போதும்.

நான்காவது, மிக முக்கியமானது: "யார் குற்றவாளி?" என்று கேட்பதோடு விடக்கூடாது. "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும். மாணவன் புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்து அந்த வரியைக் காட்ட வேண்டும். படிப்பு பிறக்கும் இடம் அதுதான்.

கதையை எளிமையாக்குபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. வாக்கியத்தைச் சுருக்கலாம். கடினமான சொல்லை மாற்றலாம். முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடக்கூடாது. துப்பு இல்லாத மர்மக் கதை, உப்பு இல்லாத குழம்பு.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

கொலைக் கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

எல்லா மர்மக் கதையும் எல்லோருக்கும் பொருந்தாது. "ஆணி" வளர்ந்தவர்களுக்கும் மேல் வகுப்பு மாணவர்களுக்கும் உரியது. சின்னக் குழந்தைக்கு மண்டையோடு வேண்டாம். காணாமல் போன பூனைக்குட்டி போதும். தொலைந்த மோதிரம் போதும். மர்மம் என்றால் இரத்தம் என்று பொருள் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத் துடிப்பதுதான் மர்மம்.

நல்ல மர்மக் கதை குற்றத்தைப் புகழ்வதில்லை. மறைத்த உண்மை ஒரு நாள் வெளிவரும் என்கிறது. அலார்கோனின் கதையில் நீதிபதியின் மனம் ஒரு பக்கம் இழுக்கிறது; கடமை இன்னொரு பக்கம் இழுக்கிறது. அதைப் படிப்பவர் நீதி என்பது எவ்வளவு கனமானது என்று உணர்வார்.

மர்மக் கதையோடு நின்றுவிடவும் கூடாது. அது வாசல்படி. வாசல்படியிலேயே யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் அதை மிதிக்காமல் வீட்டுக்குள் நுழையவும் முடியாது.

ஏமாறாத வாசகர்

இயற்கையான சாவு என்று எல்லோரும் நம்பினார்கள். ஒருவர் மட்டும் குனிந்து பார்த்தார். ஆணியைக் கண்டார். "இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டார்.

புதிதாகப் படிக்கக் கற்றவருக்கு வேண்டிய பழக்கம் இதுதான். கடன் பத்திரத்தை ஒருவர் நீட்டுகிறார். "வட்டி எவ்வளவு என்று எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். மருந்துச் சீட்டு வருகிறது. "எத்தனை வேளை என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று பார்க்க வேண்டும். ஒரு வதந்தி வருகிறது. "யார் சொன்னது? என்ன சாட்சி?" என்று விசாரிக்க வேண்டும்.

கதையில் துப்பைத் தேடிப் பழகிய கண், பத்திரத்திலும் தேடும். அந்தக் கண் உள்ளவரிடம் யாரும் மைப்பெட்டியை நீட்டி, "இங்கே விரலை வை" என்று சொல்ல முடியாது.