குறி ஒன்று, கருவி பல

துவக்கு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் வாசகர் பலர் இருப்பர். 1983 முதல் 2009 வரை இந்நாடு பட்ட பாட்டை அறிந்தவர்க்கு அஃது இயல்பே. ஆயினும், இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் துவக்கைப் பற்றியதுதான். உயிரைக் குறிபார்க்கும் துவக்கன்று. கடதாசியிலே வரைந்த கறுப்பு வட்டத்தைக் குறிபார்க்கும் துவக்கு. நெடுந்தூர இலக்கை நோக்கி ரைபிளாற் சுடுதல் பல நாடுகளில் நடைபெற்றுவரும் பழைய விளையாட்டு. கடந்த சில பத்தாண்டுகளில் அவ்விளையாட்டிலே கருவியை அடியாகக் கொண்டு புதிய வகுப்புகள் தோன்றியுள்ளன. அவை தோன்றிய காரணத்தை ஆராய்ந்தால், துவக்கையே தொட்டறியாத நமக்கும், நம் தோட்டங்களுக்கும், நம் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கும் வேண்டிய ஒரு நீதி கிடைக்கின்றது.

முதலில் விளையாட்டின் இயல்பைச் சொல்லுவோம். சுடுபவர் நிலத்திலே குப்புறப் படுத்துக்கொள்வார். இலக்கு 300 யார் தொடக்கம் 1,000 யார் வரையுள்ள தூரங்களில் நிற்கும். 1,000 யார் என்பது 914 மீற்றர். குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு அத்தூரத்தைக் கடப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி செல்லும். அதற்குள் புவியீர்ப்பு அதனை முப்பதடி அளவுக்குக் கீழே இழுத்துவிடும். இது கணக்குக்கு அடங்கும். முன்னரே திட்டஞ் செய்துகொள்ளலாம். காற்றோ கணக்குக்கு எளிதில் அடங்குவதன்று. மணிக்குப் பத்து மைல் வேகத்திற் குறுக்கே வீசும் இளங்காற்றும் குண்டை ஆறடிக்கு மேல் ஒதுக்கிவிட வல்லது. ஆதலால், இவ்விளையாட்டிலே வெல்பவர் கைந்நடுக்கம் இல்லாதவர் மட்டுமல்லர். காற்றை வாசிக்கத் தெரிந்தவர். வழிநெடுக நாட்டிய கொடிகளின் அசைவையும், வெயிலில் நெளிந்தோடும் கானலின் போக்கையும் பார்த்து, இன்ன அளவு விலக்கிச் சுடவேண்டும் என்று அவர் ஒரு கணத்திலே தீர்மானிக்கின்றார்.

காற்றை வாசித்தல் ஊவாவாசிகளாகிய நமக்குப் புதிதன்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையிடுக்குகளின் வழியே இறங்கிவரும் வறண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தைத் தருகின்றது. கொழுந்து குறையும், மணம் மிகும். காற்று எதைக் கொடுக்கும், எதைப் பறிக்கும் என்பதை நம் தோட்டத்து மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

இனி, பழைய விதியைக் காண்போம். இலக்கு ரைபிள் எனப்படும் வழிவழி வந்த பிரிவிலே எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தன்மையான கருவி. ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே இடலாம். நிறை ஆறரைக் கிலோகிராமுக்கு மேற்படலாகாது. குறிபார்ப்பதற்குச் சிறு துளைகொண்ட காட்டி உண்டு. தொலைநோக்கிக் கண்ணாடி கூடாது. துவக்கை எதன்மீதும் சார்த்தலாகாது. கையைச் சுற்றி இறுக்கிய வார் ஒன்றே துணை. பாஞ்சாலன் சபையிலே வந்த அரசர் அத்தனை பேர் முன்னும் வைக்கப்பட்டது ஒரே வில் அன்றோ? கருவி ஒன்றாயின் வேறுபடுவது திறமை ஒன்றே. இதுவே அவ்விதியின் தாற்பரியம்.

விதி நல்லதே. ஆயினும் அதற்குள் ஒரு கொடுமையும் மறைந்திருந்தது. நாற்பது ஆண்டு பழகிக் காற்றின் நெளிவு சுளிவுகளையெல்லாம் கற்றுத் தேர்ந்த ஒருவருக்குக் கண் மங்குகின்றது. முழங்கையும் முதுகும் நோகின்றன. துளையூடே பார்த்தால் வட்டம் தெரிவதில்லை. வாரை இறுக்கினால் தோள் தாங்குவதில்லை. அறிவு முற்றிய காலத்திலே அவர் களத்தை விட்டு வெளியேற வேண்டியவராகின்றார். கனடாவிலே ஜோர்ஜ் பார்க்குவார்சன் என்னும் மூத்த சுடுநர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். இருகால் தாங்கியொன்றும் தொலைநோக்கிக் கண்ணாடியொன்றும் துணையாகக் கொண்டு, படுத்தபடியே, அதே தூரங்களில் தொடர்ந்து சுட இடந்தர வேண்டும் என்பதே அம்மாற்று. அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே அப்பிரிவு எஃப் வகுப்பு எனப் பெயர்பெற்றது. 2002ஆம் ஆண்டில் ஒட்டாவா நகரிலே அதன் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. 2009இல் இங்கிலாந்தின் பிஸ்லியிலும், 2013இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலும், 2017இல் மீண்டும் ஒட்டாவாவிலும், 2023இல் தென்னாபிரிக்காவின் புளூம்பொன்டெயினிலும் போட்டிகள் நிகழ்ந்தன. முதியவர்க்கென்று திறந்த கதவினுள் இளைஞரும் திரளாக நுழைந்துவிட்டனர்.

கதவு திறந்ததும் வேறொரு தொல்லை தோன்றிற்று. சார்த்திச் சுடலாம், கண்ணாடி வைக்கலாம் என்றவுடன், செல்வமுடையோர் மேலும் மேலும் விலையுயர்ந்த கருவிகளைத் தேடலாயினர். திறமைப் போட்டி பணப்பைப் போட்டியாக மாறும் அபாயம் வந்தது. எனவே வகுப்பு இரண்டாயிற்று. திறந்த பிரிவிலே எட்டு மில்லிமீற்றர் வரையான எவ்வகைக் குழலும் ஆகும். கண்ணாடி உட்படப் பத்துக் கிலோகிராம் வரை நிறை இருக்கலாம். முன்னே கனமான தாங்கியும் பின்னே மணற்பையும் வைத்துக்கொள்ளலாம். எஃப் டீ.ஆர். எனப்படும் மற்றப் பிரிவிலோ எங்கும் கிடைக்கக்கூடிய இரண்டு வகைத் தோட்டாக்களே அனுமதிக்கப்படும்; முன்பக்கத்திற்கு இருகால் தாங்கி; அனைத்துஞ் சேர்ந்து 8.25 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. அவுஸ்திரேலியாவிலே இவற்றோடு எஃப் ஸ்டாண்டர்ட் என மூன்றாவது பிரிவும் உண்டு.

பழைய மரபினர் சிலர் இதனை எள்ளி நகையாடினர். தாங்கியில் வைத்து, கண்ணாடியிற் பார்த்து, விசையை இழுப்பதும் ஒரு வித்தையா என்று கேட்டனர். இக்கேள்விக்கு மறுமொழி இலக்கிலேயே எழுதப்பட்டுள்ளது. எஃப் வகுப்பினர் சுடும் இலக்கிலே, பழைய மிகச் சிறிய வட்டத்தினுள், அதன் பாதி அகலத்தில் மேலும் ஒரு வட்டம் வரையப்பட்டிருக்கின்றது. கருவி எளிதாக்கிய அளவுக்குக் குறி கடினமாக்கப்பட்டது. காற்றோ இரு திறத்தாருக்கும் ஒன்றே. எந்தக் கண்ணாடியும் அதனை நிறுத்திவைப்பதில்லை. அன்றியும், சார்த்திச் சுடுதல் அவ்வளவு இழிவாயின், 1860 ஜூலை 2ஆம் நாள் விம்பிள்டனில் இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டி எவ்வாறு தொடங்கிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 400 யார் தூரத்தில் நின்ற இலக்கை நோக்கி முதற் குண்டைச் செலுத்தியவர் விக்டோரியா மகாராணியார். அவருடைய துவக்கு முன்னரே குறிபார்த்து ஓர் இரும்புத் தாங்கியிற் பொருத்தப்பட்டிருந்தது. அவர் பட்டுக் கயிற்றை இழுத்தார். குண்டு நடுவட்டத்திலே பாய்ந்தது. மகாராணிக்கு ஆகும் தாங்கி முதியவருக்கு ஏன் ஆகாது?

இது எங்கோ நடக்கும் கதை என்று வாசகர் எண்ணற்க. இதன் ஓர் அத்தியாயம் நம் பக்கத்திலே, 4,000 அடிக்கு மேல் உயர்ந்த தியத்தலாவையில் எழுதப்பட்டது. இன்று இராணுவக் கல்லூரி அமைந்துள்ள அவ்வூரிலே, 1900ஆம் ஆண்டு முதல் போவர் யுத்தக் கைதிகள் காவலில் வைக்கப்பட்டனர். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோர் சுமார் 5,000 பேர். அக்கமக்காரராகிய அவர்கள் நெடுந்தூரத்திற் குறிதவறாது சுடுவதைக் கண்டு பிரித்தானியப் படை திகைத்தது. அந்த யுத்தத்தின் பின்னரே பிரித்தானிய நாடெங்கும் சிறு ரைபிள் கழகங்கள் பெருகலாயின. புளூம்பொன்டெயின் அன்று போவர் குடியரசுகளுள் ஒன்றின் தலைநகராயிருந்தது. தியத்தலாவையிலே கம்பிவேலிக்குள் இருந்தோருள் அக்குடியரசினரும் உண்டு. 2023இல் அதே நகரில் உலகத்தார் பகையின்றிக் கூடிக் கடதாசி வட்டத்தைச் சுட்டமை காலத்தின் நல்ல திருப்பம் என்றே கொள்வோம்.

அதே 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத் துரைமார் ரைபிள் படை அமைந்தது. அப்படையினர் போவர் யுத்தத்திற்கும், 1914இல் எகிப்துக்கும், அங்கிருந்து கலிபோலிக்கும் சென்றனர். அதன் விதி ஒன்று மட்டும் நம் சிந்தனைக்கு உரியது. அதிலே சேர்வதற்குத் தகுதி ஐரோப்பியராயிருத்தல். தோட்டத்தை உண்டாக்கிய மக்கள் எத்துணைக் கூரிய கண்ணுடையராயினும் அங்கே அவர்களுக்கு இடமில்லை. 1949இல் அப்படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே, 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால், தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். ஆட்சி மாறிற்று, பிறப்பைப் பார்த்து வேலி போடும் வழக்கம் மாறவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அவ்வேலியின் எச்சங்கள் நின்றன.

வகுப்பு என்னும் சொல் இந்நாட்டிலே நற்பெயர் பெற்றதன்று. ஆனால், வகுப்பிலும் இருவகை உண்டு என்பதை இவ்விளையாட்டு நமக்குத் தெளிவாக்குகின்றது. அரங்கேற்றத்தின்போது கருணனிடம் கிருபாசாரியார் வில்லின் நாணைச் சோதிக்கவில்லை, குலத்தைக் கேட்டார். அவ்வகுப்பு வாயிலை அடைத்தது. பார்க்குவார்சன் காட்டிய வகுப்போ, நீ யார் என்று கேட்கவில்லை. உன் கையில் இருப்பது யாது என்று மட்டும் கேட்டது. அது வாயிலைத் திறந்தது. பிஸ்லியிலே 1930ஆம் ஆண்டு அரசர் பரிசை வென்றவர் மார்ஜரி பொஸ்ரர் என்னும் பெண்மணி. அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. படைவீரர்கள் சுட்ட அதே இலக்கை, அதே தூரத்தில், அவர்களோடு ஒரே வரிசையிற் படுத்துச் சுட்டு வென்றார். பெண்களுக்கென்று தனி வட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை. கருவி சமமாயின் பிறப்பு எதற்கு?

இந்நீதியை நம் மலைகளுக்குக் கொண்டுவருவோம். சில தோட்டங்களிலே பெண்கள் கையாற் கொழுந்து கிள்ளுகின்றார்கள். வேறு சிலவற்றிற் கத்தரி கொடுக்கப்படுகின்றது. கத்தரியின் கூடை விரைவில் நிறையும். கையின் கூடையிலே இளங்கொழுந்து மிகும். தராசுக்கு இவ்வேறுபாடு தெரியாது. இருவர்க்கும் ஒரே நிறையை அளவுகோலாக வைத்து, எட்டாதவளுக்கு அரைப்பேர் போட்டால், அங்கே அளக்கப்பட்டது உழைப்பன்று, கருவி. கச்சான் காற்றிலே கொழுந்து அருகும் மாதத்துக்கும், மழையிலே துளிர் பொங்கும் மாதத்துக்கும் ஒரே அளவு வைப்பதும் அத்தகையதே. கருவியும் காலமும் மாறினால் அளவும் மாறவேண்டும். விளையாட்டுக்காரர் கடதாசி வட்டத்துக்குச் செய்த நியாயத்தை நாம் சோற்றுக்கு உழைப்பவருக்குச் செய்யலாகாதா?

பாடசாலைகளிலும் இவ்வாறே. மாவட்ட விளையாட்டுப் போட்டியிலே ஆணிச் சப்பாத்து அணிந்த பிள்ளையும் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடுவதை ஆசிரியராகிய நாம் காண்கின்றோம். முடிவிலே நேரத்தைக் குறிக்கும் கடிகாரம் அந்தக் கால்களைப் பார்ப்பதில்லை. தோட்டப் பிள்ளைக்குத் தனியாக ஓர் ஓட்டம் வைப்பது மருந்தாகாது. அது பழைய வேலியின் புதிய வடிவமே. எல்லாப் பிள்ளைக்கும் சப்பாத்துக் கொடுக்க இயலுமாயின் கொடுத்துவிடுவோம். இயலாதாயின் அப்போட்டியிலே எவரும் அதனை அணியாதிருக்க விதி செய்வோம். பாஞ்சாலனின் ஒரே வில் என்பது இதுதான்.

ஆகவே, விதி செய்யும் இடத்திலே இருப்போர் மூன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. சமமான கருவியைக் கொடுக்கக்கூடிய இடத்திற் கொடுத்துவிடுக. கொடுக்க இயலாத இடத்திற் கருவியைப் பார்த்து வகுத்து, அதற்கேற்ப அளவையும் திருத்துக. எவ்விடத்தும் ஆளின் பிறப்பைப் பார்த்து வகுக்கற்க. பெற்றோரும் தம் பிள்ளை தோற்றுவந்த நாளிலே, உடனே அதனைக் கடிந்துகொள்ளாது, அது எந்தக் கருவியோடு எந்தக் காற்றிலே நின்றது என்று ஒரு முறை கேட்டறிதல் வேண்டும்.