ஒரு பின் போட மறந்தால்...

தமிழ்நாட்டில் மண் தோண்டும் இயந்திரம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்குப் பெயர் இரண்டுதான். ஒன்று ஜேசிபி, இன்னொன்று பொக்லைன். முன்னது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயரின் முதலெழுத்துகள். பின்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். தெருவில் இது வந்து நின்று பள்ளம் தோண்ட ஆரம்பித்தால், பால் வாங்கப் போனவர் பாலை மறந்துவிட்டு நிற்பார். 2019ல் 'ஜேசிபி கீ குதாயி' என்று இணையம் முழுக்க ஒரு கேலி ஓடியதே, அது இந்த வேடிக்கை பார்க்கும் பழக்கத்தைப் பற்றியதுதான்.

அப்படி நிற்பவர்கள் எல்லோரும் மண்ணைத்தான் பார்க்கிறார்கள். இயந்திரத்தின் கை முடிந்து பக்கெட் தொடங்கும் அந்த ஒரு முழ இடத்தை யாரும் பார்ப்பதில்லை. உலகம் முழுக்கப் பல தொழிலாளர்களின் உயிரை வாங்கிய இடம் அது. அதிலும் வேதனை என்னவென்றால், அந்தச் சாவுகளில் பலவற்றுக்குக் காரணம் கையில் பிடிக்கக்கூடிய ஒரு சின்ன இரும்புப் பின் போடப்படாததுதான்.

முதலில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழைய முறைப்படி பக்கெட்டைக் கையோடு சேர்ப்பவை இரண்டு பெரிய பின்கள். ஒன்று பக்கெட்டைக் கையின் நுனியில் பிடிக்கும். மற்றது பக்கெட்டை மடக்கி விரிக்கும் இணைப்பில் பிடிக்கும். பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்ட வேண்டுமென்றால், இந்த இரண்டு பின்களையும் வெளியே எடுக்க வேண்டும். சேறும் துருவும் ஏறிய பின் சும்மா வந்துவிடுமா? ஆபரேட்டர் கையை இம்மி இம்மியாக அசைக்க, ஹெல்ப்பர் சம்மட்டியால் அடிக்க, அரை மணி நேரம் போய்விடும். அடிக்கும்போது இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணில் பட்டவர்களும், துளையை விரலால் தடவிப் பார்க்கப் போய் விரல் நசுங்கியவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அதனால்தான் நம் ஊரில் ஒரு பக்கெட்டை மாட்டினால் நாள் முழுக்க அதுவே ஓடுகிறது. இரண்டடி அகலம் போதும் என்ற குழாய்ப் பள்ளத்தை மூன்றடி பக்கெட்டால் தோண்டி, சாலையை அந்தக் கூடுதல் ஒரு அடிக்கும் சேர்த்துப் பாழாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தொல்லைக்கு வந்த விடைதான் குயிக் கப்ளர். பிரிட்டனில் குயிக் ஹிட்ச் என்பார்கள். கையின் நுனியில் நிரந்தரமாக ஒரு இரும்புத் தாடையை மாட்டிவிடுகிறார்கள். தாடையின் முன்பக்கக் கொக்கி பக்கெட்டின் ஒரு பின்னைக் கவ்வும். பின்பக்கம் இருக்கும் நகரும் கொக்கி, ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தத்தாலோ திருகாலோ நகர்ந்து மற்ற பின்னைக் கவ்வும். வேலை முடிந்தது. அரை மணி நேரம் இப்போது ஓரிரு நிமிடம். பிரேக்கர், துளை போடும் ஆகர், மரக்கட்டை தூக்கும் கிராப், மண்ணை இறுக்கும் தட்டு என்று ஒரே இயந்திரம் பல வேஷம் போடலாம். எடை கொஞ்சம் கூடும், தோண்டும் வேகமும் பலமும் கொஞ்சம் குறையும். அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கப்ளரில் மூன்று வகை. முதல் வகையில் மாட்டுவதும் கழற்றுவதும் முழுக்கக் கையால். கடைசி வகையில் எல்லாமே ஆபரேட்டர் இருக்கையில் இருந்தபடியே, பூட்டு உட்பட. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, பாதித் தானியங்கி. இதில் கவ்வுவதும் விடுவதும் கேபினிலிருந்து நடக்கும். ஆனால் கவ்விய பிறகு ஆபரேட்டர் இறங்கி வந்து, நகரும் கொக்கி திரும்பவும் விலகாதபடி பாதுகாப்புப் பின் ஒன்றைக் கையால் செருக வேண்டும். 1990களிலும் 2000களிலும் பிரிட்டனில் பெருவாரியாக விற்றது இந்த நடு வகை. பக்கெட் விழுந்து ஆட்கள் இறந்த விபத்துகளில் பெரும்பாலும் சம்பந்தப்பட்டதும் இதே வகைதான்.

யோசித்துப் பாருங்கள். ஆபரேட்டர் இறங்க வேண்டாம் என்பதற்காக ஒரு கருவியைச் செய்கிறார்கள். அது உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் இறங்கியே ஆகவேண்டும் என்றும் சொல்கிறார்கள்! பின்னைச் சம்மட்டியால் அடித்த காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறை பக்கெட் மாறினால் அதிசயம். கப்ளர் வந்த பிறகு பத்து முறை மாறும். அதாவது பத்து முறை சேற்றில் இறங்கி, பத்து முறை குனிந்து, பத்து முறை ஏற வேண்டும். மழை பெய்யும். மேஸ்திரி கத்துவார். பின் எங்கே என்று தேடினால் சீட்டுக்கு அடியில் கிடக்கும், இல்லையென்றால் போன வாரமே தொலைந்திருக்கும். இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், பின் போடாமலும் இயந்திரம் நன்றாகவே ஓடும் என்பது. ஒரு நாள் போடாமல் விட்டால் ஒன்றும் ஆவதில்லை. மறுநாளும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு வருடம் ஒன்றும் ஆகாமல் போன பிறகு அந்தப் பின் தேவையே இல்லாத ஒன்று என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

பிறகு ஒரு நாள், ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்து அழுத்தம் குறைகிறது. அல்லது பக்கெட்டை மாட்டும்போது ஒரு கொக்கி மட்டும் சரியாகக் கவ்வி, மற்றது பின்னுக்கு மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது நிலைதான் பயங்கரம். கேபினிலிருந்து பார்த்தால் பக்கெட் ஒழுங்காக மாட்டியது போலவே இருக்கும். நாலு தடவை மண் கூட அள்ளும். ஐந்தாவது தடவை முழுக்க மடக்கி உயர்த்தும்போது கழன்றுகொள்ளும். இருபது டன் இயந்திரத்தின் பக்கெட் வெறுமையாகவே முக்கால் டன்னுக்குக் குறையாது. மண்ணோடு சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

அது யார் மேல் விழும்? ஆபரேட்டர் மேல் அல்ல. அவர் கேபினுக்குள் பத்திரமாக இருக்கிறார். பள்ளத்தில் நின்று குழாயைச் சமன் பார்த்துக்கொண்டிருப்பவர் மேல் விழும். பின்னைப் போட வேண்டியவர் ஒருவர், போடாவிட்டால் சாகப்போகிறவர் இன்னொருவர். பள்ளத்துக்குள் நிற்பவருக்கு மேலே பின் போட்டிருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியே இல்லை. அவரைக் கேட்டு யாரும் பக்கெட் மாற்றுவதும் இல்லை.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, 2005ல் இதைப் பற்றியே தனி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. பிரிட்டனில் அரசின் பாதுகாப்பு அமைப்பும் இயந்திர வாடகைத் தொழில்துறையும் வழிகாட்டிகள் வெளியிட்டன. பயிற்சி கொடு, பின்னைப் பரிசோதி, கையொப்பம் வாங்கு, கை வீச்சுக்குள் ஆளை நிறுத்தாதே என்றெல்லாம் அவற்றில் உண்டு. எல்லாம் சரியான அறிவுரைகள்தான். ஆனால் வெறும் அறிவுரையோடு நின்றுவிட்டால், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'ஆபரேட்டர் பின் போடவில்லை' என்ற ஒரே வரியில் வழக்கு முடிந்துவிடும். ஒரே தவறை வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் பார்த்தே இராத பல ஆபரேட்டர்கள் செய்கிறார்கள் என்றால், கோளாறு ஆட்களிடமா, கருவியிலா?

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் பைக்கே போதும். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் வண்டி ஓட்டிப்போகும் ஒருவரைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்கள்கூட "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்துவார்கள். எத்தனை பேரை அந்தக் குரல் காப்பாற்றியிருக்கும்! ஆனாலும் விபத்துகள் நின்றனவா? இப்போது வரும் புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜின் நின்றுவிடுகிறது. கத்த ஆள் தேவையில்லை. மறதி என்பது மனிதனோடு கூடப் பிறந்தது என்று ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. கப்ளருக்கும் வேண்டியது இதே ஏற்பாடுதான். அதிலும் கேபினுக்குள் இருக்கும் ஆபரேட்டருக்கு, இன்ஜின் சத்தத்தில், வழிப்போக்கர் கத்துவது எங்கே கேட்கப்போகிறது?

கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும் தரநிலைகள் அந்தப் பக்கம் திரும்பின. ஆஸ்திரேலியா 2008ல் எக்ஸ்கவேட்டர் குயிக் ஹிட்சுக்கென்றே ஒரு தரநிலையைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் மண் அள்ளும் இயந்திரங்களுக்கான தரநிலை 2013ல் திருத்தப்பட்டது. 2016ல் ஐஎஸ்ஓ 13031 என்ற உலகத் தரநிலை வந்தது. இவற்றின் சாரம் எளிமையானது. பக்கெட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பது ஆபரேட்டருக்கு இருந்த இடத்திலேயே தெரிய வேண்டும். ஆயில் அழுத்தம் போனாலும் பூட்டு விடக்கூடாது. யாரோ ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு பின் போடுவார் என்ற நம்பிக்கையில் கருவியை விற்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

'முழுத் தானியங்கி விலை அதிகம், எல்லோராலும் வாங்க முடியுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாங்க முடியாதவர் முழுக்கக் கையால் பூட்டும் வகையை வாங்கட்டும். அதில் ஏமாற்று இல்லை. மாட்டவே இறங்க வேண்டும் என்பதால், இறங்கியவர் பூட்டிவிட்டுத்தான் ஏறுவார். விலையும் குறைவு. நடுவில் இருக்கும் பாதித் தானியங்கிதான் இரண்டு பக்கத்துக் குறைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. வசதி வேண்டும் என்பவருக்கு வசதி தருவது போலக் காட்டி, பாதுகாப்பை அவர் சோம்பலிடம் ஒப்படைத்துவிடுகிறது.

ஸ்வீடனில் இதை வேறொரு வழியில் தீர்த்துக்கொண்டார்கள். அங்கே எக்ஸ்கவேட்டர் என்றாலே கப்ளரும், பக்கெட்டைச் சுழற்றிச் சாய்க்கும் டில்ட்ரொட்டேட்டரும் சேர்ந்துதான். பின்களின் அளவையும் பொதுவாக்கியிருக்கிறார்கள். எஸ்60 என்றால் பின்னின் விட்டம் 60 மில்லிமீட்டர். ஒரு கம்பெனி பக்கெட் இன்னொரு கம்பெனி கப்ளரில் சரியாக உட்காரும். இந்த அளவு ஒற்றுமை கேட்கச் சின்ன விஷயம் போலத் தோன்றும். நம் நிலைமையோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

இங்கே பக்கெட்டுகள் பலவும் உள்ளூர்ப் பட்டறைகளில் வெட்டி, வெல்டு வைத்து, பல் மாற்றி ஓடுபவை. திறமையான கைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சம்மட்டியால் அடித்து மாட்டும் பின்னில் துளை கொஞ்சம் தேய்ந்திருந்தால் பக்கெட் ஆடும், அவ்வளவுதான். கப்ளரில் அப்படி இல்லை. கொக்கி கவ்வுவது அந்தப் பின்னைத்தான். பின் தேய்ந்திருந்தாலோ, இரண்டு பின்களுக்கும் நடுவே உள்ள தூரம் சற்று மாறியிருந்தாலோ, கவ்வியது போலத் தெரியும், ஆனால் கவ்வியிருக்காது. இதோடு நம் ஊரின் மணிக்கணக்கு வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபரேட்டர் இறங்கிக் குனிந்தால், வாடகைக்கு எடுத்தவர் முகம் சுளிக்காமல் இருப்பாரா? அந்த ஐந்து நிமிடத்துக்கும் அவர்தானே காசு கொடுக்கிறார்.

கப்ளர் இன்னும் நம் தெருக்களில் பரவலாகவில்லை. பெரும்பாலான ஜேசிபிகளில் பழைய பின்தான். ஆனால் வரத்தான் போகிறது. ஒரே இயந்திரத்தில் காலையில் பிரேக்கர், மாலையில் பக்கெட் என்று ஓட்டுவதில் இருக்கும் லாபம் உரிமையாளர்களுக்குத் தெரியாததல்ல. பயம் என்னவென்றால், வேறு நாடுகள் வேண்டாமென்று ஒதுக்கிய பாதித் தானியங்கிகள் பழைய சரக்காக மலிவு விலையில் இங்கே வந்து இறங்கிவிடக் கூடாது என்பதுதான். டெண்டர் போடும் மாநகராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும், தங்கள் வேலைக்கு வரும் இயந்திரத்தில் கப்ளர் இருந்தால் அது ஐஎஸ்ஓ 13031 படி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எந்தக் கப்ளராக இருந்தாலும், பக்கெட் மாற்றியவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பக்கெட்டைத் தரைக்குப் பக்கத்தில், ஆட்கள் இல்லாத பக்கமாக வைத்துக்கொண்டு, உள்ளே மடக்கி, வெளியே விரித்து, பல்லைத் தரையில் ஊன்றி அழுத்தி, ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். கவ்வாத பக்கெட்டாக இருந்தால் அங்கேயே, ஒரு அடி உயரத்திலிருந்தே விழுந்துவிடும். அரை நிமிட வேலை. அடுத்த முறை தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள், பக்கெட் மாறும்போது ஆபரேட்டர் இதைச் செய்கிறாரா என்றும், செய்து முடிக்கும்வரை பள்ளத்துக்குள் இருப்பவரை மேலே ஏறி வரச் சொல்கிறாரா என்றும் பார்க்கலாம்.