பத்து வருஷம் வீணாகுமா?

"பத்து வருஷ அனுபவத்தைக் குப்பையிலா போடப்போறே?" ஐ.டி. வேலையில் தேங்கிப்போனவர் வேறு துறைக்குப் போவதாக வாய் திறந்தால், மாமனார் முதல் மேலாளர் வரை கேட்பது இதைத்தான். அக்கறையில் கேட்பதுதான், கணக்குதான் தப்பு.

அந்தப் பத்து வருஷத்தையே எடுத்துக்கொள்வோம். சப்போர்ட் வேலையில் டிக்கெட் வருகிறது, மூடுகிறார்கள், மறுபடி வருகிறது. பலருக்கு மூன்றாம் வருஷத்திலேயே கற்க வேண்டியது தீர்ந்துவிடுகிறது. மீதி ஏழும் அதன் நகல். வீணாவதைப் பற்றிக் கவலைப்படுவதானால், இனி எடுக்கப்போகும் நகல்களைப் பற்றியல்லவா கவலைப்பட வேண்டும்? கற்றதோ எங்கும் போகாது. இரவு இரண்டு மணிக்குக் கத்தும் வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசி, கோளாறு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடித்தவருக்கு, அந்தப் பழக்கம் மருத்துவமனை நிர்வாகத்திலும் உதவும், சரக்குக் கிடங்கிலும் உதவும். கடைசி நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள். இதைக் கேட்க மாட்டார்கள்.

இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வாரையே பாருங்கள். அவர் வேளாண்மைப் பட்டதாரி. 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத இடுபொருள்களை வைத்து நடந்த சோதனைகளில் சலித்து 1969இல் வெளியேறினார். படிப்பு வீணானதா? பிற்பாடு ரசாயன உரத்தை எதிர்த்து அவர் பேசிய பேச்சில், உள்ளே இருந்து பார்த்த அந்த ஆறு வருஷமும் இருந்தது. (அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்ல, அது வேறு வழக்கு.)

அடுத்தது வயது. குடிமைப்பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயதுதான் வரம்பு, உண்மை. அந்த ஒரு பூட்டை எல்லாக் கதவிலும் மாட்டிப் பார்ப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம்.

"பி.எஃப். போயிடுமே?" போகாது. யு.ஏ.என். எண் மாறாது, பழைய இருப்பைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கிராஜுவிட்டிக்குத்தான் பொதுவாக ஐந்து வருஷம் வேண்டும். நாலு வருஷம் சொச்சத்தில் நிற்பவர் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

"சம்பளம் குறையுமே?" பெரும்பாலும் குறையும். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வீட்டுக் கடன் தவணைக்குப் புதுத் துறை, பழைய துறை தெரியாது. ராஜினாமாக் கடிதத்தை மேசைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, புது வேலையில் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் மட்டும் ஆறு மாதம் குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சம் வங்கியில் கிடக்கட்டும். எந்த மாதம் துண்டு விழுந்தது, எதை வெட்டிச் சமாளித்தோம் என்று எழுதி வையுங்கள். மாமனார் கேட்கும்போது அந்த நோட்டை நீட்டலாம்.