டிஸ்க்கைக் காணேல்லை எண்டவுடனே ஃபோர்மட் அடிக்காதேங்கோ



இந்தக் கிழமை பொட்காஸ்டில பழைய கொம்பியூட்டருக்கு லினக்ஸ் போடுறதைப் பற்றிக் கதைச்சோம். கனக்கக் கதைக்க நேரம் காணாத ஒரு விசயத்தை இங்கே எழுதுறன்.

லினக்ஸ் போட்டு முடிஞ்சுது. திரை வடிவா வருது, வைஃபை வேலை செய்யுது. ஆனா அப்பாவின்ர பழைய படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணேல்லை. இந்த இடத்தில எங்கட ஆக்கள் இரண்டில ஒண்டைச் செய்வினம். ஒண்டு, டிஸ்க் செத்துப்போச்சு எண்டு முடிவு கட்டிக் கழட்டி எறிவினம். மற்றது, கொம்பியூட்டர் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் "ஓம், ஓம்" எண்டு அமத்தி, கடைசியில ஃபோர்மட் அடிச்சுவிடுவினம். இரண்டுமே அவசரத்தில வாறது.

என்ர கருத்து இதுதான்: வீட்டுப் பழைய கொம்பியூட்டரில பெறுமதியானது அதில எந்த ஓஎஸ் ஓடுது எண்டது இல்லை, உள்ளுக்குக் கிடக்கிற ஃபைல்கள். அதைக் கொப்பி எடுக்காமல் லினக்ஸ் போடுறதை நாங்கள் ஆருக்கும் சொல்லிக் குடுக்கக் கூடாது.

ஏன் இப்ப இந்தக் கதை? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட முடிஞ்சுது. ஐரோப்பாவில வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் வரை இலவசமா ஒரு வருசம் நீட்டிக் குடுத்திச்சினம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்குது, குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தின சிப் கேட்குது. 2016, 2017க்கு முந்தின மெசின் பெரும்பாலும் பாஸ் பண்ணாது. அதே 2025இல, டென்மார்க்கின் டிஜிட்டல் அமைச்சர் கரோலின் ஸ்டேஜ், தன்ர அமைச்சு மைக்ரோசொஃப்ட் ஆஃபிஸை விட்டு லிப்ரே ஆஃபிஸுக்கு மாறப் போகுது எண்டு சொன்னா. "டென்மார்க் அரசாங்கம் லினக்ஸுக்குப் போகுது" எண்டு அதைப் பெருப்பிச்சுக் கதைச்ச ஆக்களும் இருக்கினம்; அவ சொன்னது ஆஃபிஸைப் பற்றி. எப்பிடியோ, கன வீடுகளில "அப்ப நாங்களும் மாறுவமோ?" எண்ட கேள்வி வந்திட்டுது.

அந்தக் கேள்வி வந்தா கோல் வாறது ஆருக்கு? எங்களுக்குத்தான். ஈ-பொக்ஸ் திறக்கிறது, மிட்-ஐடி புதுப்பிக்கிறது, பிரிண்டரோட சண்டை பிடிக்கிறது எல்லாம் இரண்டாம் தலைமுறையின்ர வேலை. "பிள்ளை பார்ப்பான்", "பிள்ளை பார்ப்பாள்" எண்டு அம்மா அப்பா எங்களை நம்பிக் குடுத்திடுவினம். அந்த டிஸ்க்கில என்ன இருக்கு எண்டு எங்களுக்கு அரைவாசியும் தெரியாது.

யோசிச்சுப் பாருங்கோ. ஹேர்னிங் சித்திவிநாயகர் கோயில் தேர், பிரண்ட அபிராமி அம்மன் கோயில் திருவிழா, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழா, ஊரில நடந்த கலியாணத்தின்ர சீடி, இப்ப உயிரோட இல்லாத அம்மம்மாவின்ர படம். 2000ஆம் ஆண்டுகளில எடுத்த டிஜிட்டல் படத்துக்கு நெகட்டிவ் இல்லை, அல்பம் இல்லை. கிளவுட் வர முந்தின காலம். ஒரே ஒரு கொப்பிதான், அது அந்த டிஸ்க்கில.

கடிதங்களும் அப்பிடித்தான். 1987இலிருந்து நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின்ர குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில போட்டு வைச்சதும், அந்தத் தமிழ் வழக்கால 1993இல பிரதமர் பௌல் ஸ்லூட்டர் பதவி விலகினதும் நீங்கள் டெனிஷ் பள்ளிக்கூடத்தில படிச்ச கதை. அந்தக் காலத்தில மனுசனும் மனுசியும் பிரிஞ்சிருந்து எழுதின கடிதங்களை ஆராவது பிறகு ஸ்கேன் பண்ணி வைச்சிருந்தா, அதுவும் இப்பிடி ஒரு டிஸ்க்கிலதான் கிடக்கும். இதுக்கு ஃபோர்மட் அடிக்க எங்களுக்கு என்ன அவசரம்?

சரி, டிஸ்க்கைக் காணேல்லை எண்டா என்ன அர்த்தம்? ஆருக்குத் தெரியேல்லை எண்டதுதான் முதல் கேள்வி. கீழேயிருந்து மேலே போவம்.

முதல் பயோஸ். கொம்பியூட்டர் எழும்பேக்க எஃப்2 அல்லது டிலீட் அமத்தி உள்ளுக்குப் போங்கோ. அங்கே டிஸ்க்கின்ர பெயர் இருக்கோ? இல்லாட்டி லினக்ஸில பிழை தேடிப் பிரயோசனம் இல்லை. மெசினை நிப்பாட்டி, வயரைக் கழட்டித் திரும்பக் கொழுவுங்கோ. சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு வயர்: ஒண்டு தகவலுக்கு, ஒண்டு கரண்டுக்கு. இன்னும் பழைய ஐடிஈ டிஸ்க் எண்டால் பின்னால இருக்கிற சின்ன ஜம்பர், மாஸ்டரோ ஸ்லேவோ எண்டு பாருங்கோ. டிஸ்க் "டிக், டிக்" எண்டு சத்தம் போட்டா உடனே நிப்பாட்டுங்கோ. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப் பார்க்க உள்ளுக்கு இருக்கிறது இன்னும் பழுதாகும். அது தரவு மீட்கிற கடைக்குப் போற கேஸ்.

இரண்டாவது, பயோஸுக்குத் தெரியுது, லினக்ஸுக்குத் தெரியேல்லை. முக்கியமா என்விஎம்இ வகை எஸ்எஸ்டி உள்ள லாப்டொப்களில இது வரும். பயோஸில சாட்டா மோட் எண்ட இடத்தில "ராய்ட்" அல்லது "இன்டெல் ஆர்எஸ்டி" எண்டு இருந்தா, டிஸ்க் அந்தக் கொன்ரோலருக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது. "ஏ-எச்-சி-ஐ" எண்டு மாத்தினால் வெளியால வரும். ஆனா உள்ளுக்கு விண்டோஸ் இன்னும் இருந்தா, சும்மா மாத்தினால் அது எழும்பாது. அதை முதல் சேஃப் மோடில எழும்ப வைக்க வேணும். இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து உண்மையான ராய்ட் போட்டிருந்தா அந்த அமைப்பில கை வைக்காதேங்கோ.

மூன்றாவது, லினக்ஸுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியேல்லை. இதுதான் கூட நடக்கிறது. விண்டோஸில சி, டி எண்டு எழுத்து வரும். லினக்ஸில அப்பிடி இல்லை; டிஸ்க்குக்கு எஸ்டிஏ, எஸ்டிபி எண்டு பெயர், அதை ஒரு ஃபோல்டரில கொழுவினால்தான் உள்ளே போகலாம். டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-எல்-கே எண்ட அஞ்சு எழுத்தையும் சின்ன எழுத்தில சேர்த்து அடியுங்கோ. இருக்கிற டிஸ்க் எல்லாம் அளவோட வரும். 500 ஜிபி டிஸ்க் பட்டியலில இருக்கு, ஆனா வலப்பக்கம் வெறுமையா இருக்கு எண்டால், டிஸ்க் சாகேல்லை. கொழுவுப்படேல்லை, அவ்வளவுதான்.

நான்காவது, கொழுவப் பார்த்தா மாட்டன் எண்டு நிக்குது. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் ஷட் டவுண் பண்ணினாலும் விண்டோஸ் முழுசா மூடாமல் அரை நித்திரையில கிடக்கும். அந்த நிலையில இருக்கிற என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில எழுதினால் பழுதாகும் எண்டுதான் லினக்ஸ் மறுக்குது. விண்டோஸ் இன்னும் இருந்தா, ஷிஃப்ட் விசையைப் பிடிச்சுக்கொண்டு ஷட் டவுண் பண்ணுங்கோ. இல்லாட்டி வாசிக்க மட்டும் எண்ட முறையில கொழுவுங்கோ. கொப்பி எடுக்க அது காணும்.

ஐந்தாவது, பூட்டு. பிட்லொக்கர் போட்டிருந்தா 48 இலக்கத் திறப்பு வேணும். அது பெரும்பாலும் அம்மாவின்ர அல்லது அப்பாவின்ர மைக்ரோசொஃப்ட் கணக்கில கிடக்கும். திறப்பு இருந்தா லினக்ஸாலயும் திறக்கலாம். திறப்பு இல்லாட்டி ஆராலயும் ஏலாது. அதால விண்டோஸை அழிக்க முதல் இதைத் தேடுங்கோ.

எல்லாம் சரிவந்து ஃபைலைத் திறந்தா, உள்ளுக்கு ஒண்டும் விளங்காத ஆங்கில எழுத்து வரும். அதையும் பழுது எண்டு அழிக்காதேங்கோ! எங்கட அம்மா அப்பாக்கள் பாமினி எழுத்துருவில அடிச்சவை. வணக்கம் எண்ட சொல் பாமினி இல்லாத மெசினில டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி எண்டு நிக்கும். பாமினியை யுனிகோடுக்கு மாத்துற கருவிகள் இணையத்தில கிடக்கு. ஒட்டினால் தமிழ் வரும்.

"இவ்வளவு கரைச்சல் ஏன்? புதுசு ஒண்டை வாங்கினால் முடிஞ்சுது" எண்டு சிலர் சொல்லுவினம். வாங்குங்கோ, அதில பிழை இல்லை. ஆனா பழையதைக் கொமியூனின்ர மீள்சுழற்சி நிலையத்துப் பெட்டிக்குள்ள போட்டா அது திரும்பி வராது. புது மெசின் வாங்கினாலும் பழைய டிஸ்க்கின்ர கேள்வி அப்பிடியேதான் இருக்கு.

எங்கட லினக்ஸ் பிரியர்களோடயும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. "இருபது நிமிசத்தில போட்டிடலாம்" எண்டு சொல்லுறவை, இன்ஸ்டோல் பண்ணேக்க "டிஸ்க்கை அழித்து நிறுவு" எண்ட வரி வாறதை மெதுவாச் சொல்லுவினம், இல்லாட்டி சொல்லாமலே விடுவினம். அதை அமத்தினாப் பிறகு வாறது வேற கதை. சுத்துற பழைய டிஸ்க் எண்டால், மேல எழுதுப்படாத படங்களை ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவியால மீட்கச் சந்தர்ப்பம் இருக்கு. உடனே மெசினை நிப்பாட்ட வேணும். எஸ்எஸ்டி எண்டால் ட்ரிம் எண்ட வசதி அழிச்ச இடத்தைத் துடைச்சுவிடும். அதில நம்பிக்கை வைக்க ஏலாது. லினக்ஸ் நல்லது. ஒரு குடும்பத்தின்ர இருபது வருசப் படம் போனாப் பிறகு, அந்த வீட்டில ஆரும் அதை நல்லது எண்டு சொல்லமாட்டினம்.

ஆகவே ஒழுங்கு இப்பிடி இருக்கட்டும். முதல் அம்மாட்டையும் அப்பாட்டையும் கேளுங்கோ: இதில என்ன இருக்கு, பாஸ்வேர்ட் என்ன? பிறகு லினக்ஸை யூஎஸ்பி தடியில போட்டு, நிறுவாமல், "சும்மா பார்" எண்ட முறையில எழுப்புங்கோ. அதிலேயே டிஸ்க்கைத் திறந்து, வெளி டிஸ்க் ஒண்டுக்குக் கொப்பி எடுங்கோ. நாலைஞ்சு படத்தையும் ஒரு வீடியோவையும் கொப்பியிலிருந்து திறந்து பாருங்கோ. இரண்டாவது கொப்பி ஒண்டை அண்ணாவின்ர வீட்டிலயோ அக்காவின்ர வீட்டிலயோ வையுங்கோ. இவ்வளவுக்கும் பிறகு லினக்ஸ் போடுங்கோ, ஆறுதலாக. ஈ-பொக்ஸும் வங்கியும் பிரவுசரில ஓடும், மிட்-ஐடி ஃபோனில இருக்கு. அம்மாவுக்கு ஒரு குறையும் வராது.

இன்னொண்டு: லினக்ஸில இருந்த டிஸ்க்கைக் கழட்டி விண்டோஸ் மெசினில கொழுவினால், "பாவிக்க முதல் ஃபோர்மட் பண்ண வேணும்" எண்டு கேட்கும். விண்டோஸுக்கு அந்த அமைப்பை வாசிக்கத் தெரியாது, அதுக்குத்தான் அப்பிடிக் கேட்குது. "வேண்டாம்" எண்டு அமத்துங்கோ.

தனியச் செய்யப் பயமா இருந்தா, டென்மார்க்கில கன ஊர்களில ரிப்பேர் கஃபே நடக்குது, கோப்பன்ஹேகன் பக்கம் லாபிடாட் மாதிரி ஹக்கர் இடங்கள் இருக்கு. மெசினைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

உங்கட வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கிற டிஸ்க் எந்தப் படியில நிக்குது எண்டு எங்களுக்கு எழுதுங்கோ. பயோஸில பெயர் வருதோ இல்லையோ, எல்-எஸ்-பி-எல்-கே என்ன காட்டுது எண்ட இரண்டையும் சேர்த்து எழுதினால், அடுத்த பகுதியில அதை வைச்சே கதைப்பம்.